கசப்புத் தோடையும் நறுமணக் கலையும்

பிரிக்க இயலாத இரண்டைக் குறிக்குமிடத்துப் "பூவும் மணமும் போல" என்று கூறுவது நம்மவர் வழக்கு. மணமக்களை வாழ்த்தும்போதும் இவ்வுவமை வருகின்றது. சொல்லும் பொருளும் ஒன்றியிருக்கும் தன்மையைப் பேசும்போதும் வருகின்றது. ஆயின், பூவிலிருந்து மணத்தைப் பிரித்தெடுத்துக் குப்பியில் அடைத்தலையே முதல் வேலையாகக் கொண்ட தொழிலொன்றும் உலகில் உண்டு. பிரிக்க இயலாததெனக் கருதப்படும் ஒன்றைப் பிரித்தெடுக்கும்போது கைக்கு வருவது யாது? பூவின் மணம் முழுவதுமா? அதன் ஒரு கூறு மாத்திரமா? அன்றிப் பூவில் முன்னர் இல்லாத புதியதொன்றா?

இவ்வினாவுக்கு விடை காண்பதற்குக் கசப்புத் தோடையை ஒத்த சான்று பிறிதொன்றைக் காண்டல் அரிது. இவ்வொரு மரத்தின் பூவும் இலையும் பழத்தோலும் நறுமணக் கலைக்கு வெவ்வேறு பொருள்களை அளிக்கின்றன. அதுவுமன்றி, ஒரே பூவானது அதனைக் கையாளும் முறைக்கேற்ப வெவ்வேறு மணப்பொருள்களாக மாறுகின்றது. அவை யாவை, அவை தம்முள் வேறுபடுதற்குக் காரணம் யாது என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரமும் அதன் பெயரும்

தாவர நூலார் இம்மரத்தைச் சித்திரசு அவுரந்தியம் என்பர். நாம் உண்ணும் இனிப்புத் தோடைக்கு நெருங்கிய உறவினதாயினும் இது வேறானது. இதன் இலைக்காம்பின் இருமருங்கும் அகன்ற சிறகு போன்ற விரிவு காணப்படும். இனிப்புத் தோடையில் அவ்விரிவு ஒடுங்கியது. பழத்தின் தோல் தடித்துக் கரடுமுரடானது. சாறு புளிப்பும் கசப்பும் மிக்கது. கசப்புக்குக் காரணமான பொருள்களுள் ஒன்று நாரிஞ்சின் எனப்படும். பூ வெண்மையானது, தடித்த ஐந்து இதழ்களையுடையது, மலருங் காலத்தில் தோட்டத்துக்கு வெளியே நின்று அதன் இருப்பை அறியத்தக்க மணமுடையது.

இம்மரம் தனித்ததோர் இனமன்று என்பது இந்நூற்றாண்டில் ஐயந்திரிபறத் தெளிவாயிற்று. தோடையினங்களின் பரம்பரையலகுத் தொகுதியை ஆராய்ந்து 2014 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, பம்பளிமாசும் மந்தரின் தோடையும் கலந்து பிறந்த நேர்க்கலப்பே கசப்புத் தோடை எனக் காட்டியது. அக்கலப்பு ஆசியாவின் தென்கிழக்குப் பகுதிகளை ஒட்டி நிகழ்ந்தது. அங்கிருந்து இந்தியா, பாரசீகம் ஆகிய நாடுகளின் வழியாக மேற்கே சென்ற மரத்தை, ஏறத்தாழ 10 ஆம் நூற்றாண்டளவில் அராபியர் மத்தியதரைக் கடற்கரைகளுக்குக் கொண்டு சேர்த்தனர். சிசிலித் தீவிலும் தென் ஸ்பெயினிலும் அது வேரூன்றியது. இனிப்புத் தோடை ஐரோப்பாவில் பரவியது அதற்குப் பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னரேயாம். கோர்தோபா நகரின் பெரிய பள்ளிவாசல் முற்றத்துக்குத் தோடை மர முற்றம் என்றே பெயர். செவில் நகரின் வீதிகளில் நிழல் மரமாக இன்றும் நிற்பது கசப்புத் தோடையே.

மரம் சென்ற வழியை அதன் பெயரும் காட்டுகின்றது. வடமொழியில் நாரங்கம், பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ், ஸ்பானிய மொழியில் நரஞ்ஞ என வழங்கிய சொல், இத்தாலிய மொழியிலும் பிரெஞ்சிலும் முதலெழுத்தாகிய நகர மெய்யை இழந்து, ஆங்கிலத்தில் ஒறேஞ்ச் என்றாயிற்று. இச்சொல்லின் வேர் திராவிட மொழிகளைச் சார்ந்ததென மொழிநூலார் பலர் கருதுவர். நம் நாரத்தை என்னும் சொல்லும் இக்குடும்பத்ததே. குறிஞ்சிப்பாட்டில் எண்ணப்படும் மலர்களுள் நரந்தம் என்பதும் ஒன்று. அதனை நாரத்தம்பூ என உரைப்பர். பிறவிடங்களில் நரந்தம் என்பதற்கு நறும்புல் என்றும் கத்தூரி என்றும் பொருள் கூறுவதும் உண்டு. பொருள் பலவாயினும் அவை யாவும் மணத்தைப் பற்றியனவாக இருத்தல் நோக்கத்தக்கது. நாரத்தை என்னும் பெயர் நம்மிடையே ஒன்றுக்கு மேற்பட்ட மரங்களுக்கு வழங்குவதனால், மயக்கத்துக்கு இடமின்றி, இக்கட்டுரையில் கசப்புத் தோடை என்னும் பெயரையே ஆளுகின்றோம்.

கறுவா தரும் முன்னறிவு

ஒரே மரத்தின் வெவ்வேறு உறுப்புக்கள் வெவ்வேறு எண்ணெய்களைத் தருதல் இலங்கையராகிய நமக்குப் புதிதன்று. நம் நாட்டுக் கறுவாவின் பட்டையிலிருந்து வடிக்கும் எண்ணெயில் சின்னமலிடிகைட்டு மிகுதி. அதுவே கறுவாவுக்குரிய மணம். அம்மரத்தின் இலையெண்ணெயிலோ கராம்பின் மணத்துக்குக் காரணமான இயூசினோல் மிகுதி. வேர்ப்பட்டையின் எண்ணெயில் மிகுந்திருப்பது கற்பூரம். மரம் ஒன்றே, மணம் மூன்று. உறுப்பு மாறுமிடத்து மணம் மாறும் என்னும் இவ்வுண்மையைக் கசப்புத் தோடையும் காட்டுகின்றது. ஆனால் அது மேலும் ஓர் உண்மையைச் சேர்த்துக் காட்டுகின்றது. உறுப்பு மாறாதவிடத்தும் முறை மாறின் மணம் மாறும் என்பதே அது.

கலத்தில் வடித்த பூ

கசப்புத் தோடைப் பூவை நீருடன் கலத்திலிட்டுக் காய்ச்சி வடித்தெடுக்கும் எண்ணெய்க்கு நெரோலி எண்ணெய் என்று பெயர். உரோமாபுரிக்கு அண்மையிலுள்ள நெரோலா என்னும் ஊரின் பெயரால் இது அமைந்தது. 1642 முதல் 1722 வரை வாழ்ந்த பிரெஞ்சுப் பெருமாட்டி ஆன் மறீ, இத்தாலிய ஒர்சினிக் குடும்பத்தில் மணம் புகுந்து நெரோலாவின் இளவரசி என வழங்கப்பட்டார். அவர் தம் கையுறைகளுக்கும் நீராடும் நீருக்கும் இவ்வெண்ணெயை ஊட்டினார் என்றும், அவர்வழி இது 17 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உயர்குடியினரிடையே பரவியது என்றும் கூறுவர். கையுறைக்கு மணமூட்டுதல் அக்காலத்தில் வெறும் ஆடம்பரமன்று. தோல் பதனிடுதலால் எழும் தீநாற்றத்தை மறைத்தற்கு அது தேவைப்பட்டது. தென் பிரான்சிலுள்ள கிராசு நகரம் முதலில் தோற் கையுறைகளுக்குப் பெயர் பெற்றிருந்து, பின்னர் நறுமணத் தொழிலின் தலைநகராயினமைக்கு இதுவே காரணம்.

இனி, வடித்தல் எவ்வாறு நிகழ்கின்றதெனப் பார்ப்போம். பூவின் மணத்துக்குக் காரணமான பொருள்களுள் முதன்மையானது லினலோல் என்னும் அற்ககோல். அது சதமவளவையில் ஏறத்தாழ 198 பாகையிற் கொதிப்பது. மெதைல் அந்திரனிலேற்று என்னும் எசுத்தரோ 250 பாகைக்கும் மேலே கொதிப்பது. அத்துணை வெப்பத்தில் பூவைக் காய்ச்சின் அது கருகிவிடும். ஆயின், ஒன்றோடொன்று கலவாத இரு திரவங்கள் ஒருங்கே சூடாக்கப்படும்போது ஒவ்வொன்றும் தன் ஆவியமுக்கத்தை மற்றதன் தடையின்றிக் காட்டும். அவ்விரண்டின் கூட்டுத்தொகை வளிமண்டல அமுக்கத்தை எட்டியவுடன் கலவை கொதிக்கத் தொடங்கும். ஆதலின், நீரின் துணையோடு இவ்வெண்ணெய்கள் 100 பாகைக்குச் சற்றுக் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகிச் சென்றுவிடுகின்றன. குளிர்ந்த குழாயில் ஆவி மீண்டும் திரவமாகின்றது. நீரினும் அடர்த்தி குறைந்த எண்ணெய் மேலே மிதக்க, அதனைப் பிரித்தெடுப்பர்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஆவியை மாத்திரம் பூக்குவியலினூடே செலுத்தினால் மென்மையான இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், ஆவி உட்புகாது. ஆதலால் பூக்களை நீரில் மிதக்கவிட்டே காய்ச்சுதல் வழக்கம். இந்நுட்பத்துக்கு ஒரு விலையும் கொடுக்கவேண்டியிருக்கின்றது. பூவில் லினலைல் அசற்றேற்று என்னும் இனிய மணமுள்ள எசுத்தர் உண்டு. கொதிநீரில் நெடுநேரம் கிடக்குமிடத்து அதில் ஒரு பகுதி நீர்ப்பகுப்புற்று லினலோலாகவும் அசற்றிக் அமிலமாகவும் பிரிந்துவிடுகின்றது. லினலோலிலும் ஒரு சிறு பகுதி வெப்பத்தாலும் அமிலத்தாலும் உருமாறித் தெர்ப்பினியோல் முதலிய வேறு பொருள்களாகின்றது. எனவே கலத்திலிருந்து வெளிவருவது பூவிலிருந்ததன் ஒரு கூறும், கலத்தினுள்ளே பிறந்த சிலவும் சேர்ந்ததொரு கலவையாகும்.

அவ்வாறாயினும் அக்கலவை மிக்க எழிலுடையது. லினலோல் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கும், லிமொனீன், பைனீன், ஒசிமீன் முதலிய ஐதரோக்காபன்களும், நெரொலிடோல் போன்ற கனத்த அற்ககோல்களும் அதில் உள்ளன. நெரோல், நெரொலிடோல் என்னும் இரசாயனப் பெயர்கள் இவ்வெண்ணெயின் பெயரிலிருந்து தோன்றியவையே. புதிதாக வடித்த எண்ணெய் மெல்லிய மஞ்சள் நிறமானது. ஒளியில் பிடித்துப் பார்த்தால் அதில் மங்கலான நீலச் சாயல் தோன்றும். அது மெதைல் அந்திரனிலேற்றின் ஒளிர்வாகும். மணமோ பசுமையும் சிறு கசப்பும் கலந்த தண்ணிய மலர்மணம்.

நீரோடு சென்ற மணம்

எண்ணெயைப் பிரித்தபின் எஞ்சும் நீரைக் கொட்டிவிடுவாரிலர். அதுவே தோடைப்பூ நீர். எண்ணெயில் மிதவாது நீரிற் கரைந்து நிற்கும் மணப்பொருள்கள் அதில் தங்கிவிடுகின்றன. மெதைல் அந்திரனிலேற்று நீரில் ஓரளவு கரையக்கூடியதாதலின் அதன் கணிசமான பகுதி இந்நீரிலேயே நின்றுவிடுகின்றது. ஆகவே, எண்ணெயையும் நீரையும் அடுத்தடுத்து முகர்ந்து பார்ப்பவர் இரண்டும் ஒரே கலத்திலிருந்து வந்தவையென நம்பத் தயங்குவர். எண்ணெய் கூர்மையானது; நீர் கனிந்து தேன் போன்றது. பூவின் மணம் கலத்தின் வாயிலேயே இரண்டாகப் பிரிந்து ஒன்று மேலும் மற்றது கீழுமாகச் சென்றுவிட்டது எனலாம்.

மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் இந்நீருக்கு எண்ணெயினும் மிகுந்த வாழ்வு உண்டு. துனீசியாவிலுள்ள நாபெல் நகரத்தைச் சுற்றி இளவேனிற் காலத்தில் இல்லந்தோறும் சிறு கலங்களில் இதனை வடிப்பர். ஆண்டு முழுவதும் பணியாரங்களிலும் கோப்பியிலும் சேர்த்துக்கொள்வர். இலெபனானில் வெந்நீரில் இதனைச் சில துளிகள் விட்டு, கோப்பிக்கொட்டை சிறிதும் சேராத அப்பானத்தை வெள்ளைக் கோப்பி என்பர். மொறொக்கோவில் வீட்டுக்கு வரும் விருந்தினர்மீது நீண்ட கழுத்துடைய சிறு செம்பினால் இதனைத் தெளித்து வரவேற்பர். நம் கலியாண வீடுகளின் வாயிலில் பன்னீர்ச் செம்பு ஏந்தி நிற்பாரைக் கண்டோர்க்கு இவ்வழக்கம் அந்நியமாகத் தோன்றாது.

கரைப்பானில் தோய்ந்த பூ

வெப்பத்தால் இழப்பு நேருமெனின் வெப்பமின்றியே மணத்தைப் பெறும் வழி உண்டா? பழைய காலத்தில் கிராசு நகரத்தார் மல்லிகை இனப் பூக்களைக் குளிர்ந்த கொழுப்பின்மேல் பரப்பி மணத்தை ஏற்றினர். தோடைப் பூவையோ இளஞ்சூடான கொழுப்பில் தோய்த்தனர். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆவிப்பறப்புள்ள கரைப்பான்களைக் கொண்டு மணமெடுக்கும் முறை தொழிலாக வளர்ந்தது. பூக்களை முதலில் பெற்றோலிய ஈதரிலும் பிற்காலத்தில் எட்சேனிலும் ஊறவைத்து, கரைப்பானைக் குறைந்த அமுக்கத்தில் ஆவியாக்கி நீக்க, மெழுகு போன்றதொரு பொருள் எஞ்சும். அதனை அற்ககோலாற் கழுவிக் குளிர்வித்து, மெழுகை வடிகட்டி அகற்றி, அற்ககோலையும் போக்கினால் கிடைப்பது தோடைப்பூச் சாரம்.

இச்சாரம் நெரோலி எண்ணெயைப் போன்றதன்று. கருஞ்செம்மை நிறமும் தடித்த தன்மையும் உடையது. கொதிநீரில் கிடவாமையால் எசுத்தர்கள் பெரும்பாலும் பிழைத்திருக்கின்றன. நீரோடு செல்லவேண்டியிருந்த மெதைல் அந்திரனிலேற்றும் இதிலேயே உள்ளது. அதன் மணம் எத்தகையதெனின், திராட்சை மணமூட்டிய இனிப்புக்களிற் பெரும்பாலும் சேர்க்கப்படுவது அப்பொருளே எனக் கூறின் மாணவர் எளிதில் அறிவர். அதனோடு இந்தோல் என்னும் பொருளும் கணிசமாக உண்டு.

இந்தோலைப் பற்றி ஒரு வார்த்தை கூறாது செல்லலாகாது. தனித்துச் செறிவாக முகருமிடத்து அது அருவருக்கத்தக்கது. மலத்தின் நாற்றத்துக்குக் காரணமான பொருள்களுள் அதுவும் ஒன்று. ஆனால் மிகச் சிறிய அளவில், பிற மணங்களோடு கலந்து நிற்குமிடத்து, மல்லிகையையும் தோடைப் பூவையும் உயிருள்ள மலராகத் தோற்றுவிப்பது அதுவே. அதனை முற்றாக நீக்கின் மணம் வெளிறிச் சவர்க்காரம் போலாகிவிடும். நாற்றம் என்னும் சொல் பண்டைத் தமிழில் நறுமணத்தைக் குறித்து நின்று, பிற்காலத்தில் தீய வாடையைக் குறிக்கலாயிற்று. இந்தோல் என்னும் ஒரு பொருளில் அச்சொல்லின் இரு பொருளும் ஒருங்கே உறைகின்றன.

இலையும் பழத்தோலும்

பூவை விடுத்து இலைக்கு வருவோம். இலைகளையும் இளங்கிளைகளையும் ஆவியால் வடித்துப் பெறுவது பெத்திகிரேன் எண்ணெய். பிரெஞ்சு மொழியில் இப்பெயருக்குச் சிறுமணி என்பது பொருள். முற்காலத்தில் மணி போன்ற பிஞ்சுக் காய்களை வடித்தெடுத்தமையால் வந்த பெயர், மூலப்பொருள் மாறிய பின்னரும் நிலைத்துவிட்டது. இவ்வெண்ணெயில் ஏறத்தாழப் பாதி லினலைல் அசற்றேற்று, அதற்கடுத்தது லினலோல். மணம் நெரோலியை நினைவூட்டினும் மரப்பட்டையும் பச்சிலையும் கலந்ததொரு வறட்சி அதில் உண்டு. பூவைப்போல இலை சில கிழமைகளில் முடிந்துபோவதன்று. ஆதலின் எண்ணெயும் மலிவு. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெஞ்சமின் பலான்சா என்னும் பிரெஞ்சுத் தாவரவியலார் பரகுவே நாட்டில் இத்தொழிலைத் தொடக்கினார். அங்கே காட்டு மரங்களாகப் பெருகியிருந்த கசப்புத் தோடை இனங்களின் இலைகளை நாட்டுப்புறத்தார் வடித்து வந்தனர். பரகுவே இவ்வெண்ணெய்க்குப் பெயர்பெற்ற நாடாயிற்று.

பழத்தோலின் எண்ணெயைப் பெறுதற்கு நெருப்பே வேண்டியதில்லை. தோலின் மேற்பரப்பிலுள்ள சிறு பைகளில் எண்ணெய் தங்கியிருக்கின்றது. தோலை மடித்து நசுக்கினால் அது தெறித்து வருவதை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம். சிசிலியிலும் கலபிரியாவிலும் முன்னாளில் தொழிலாளர் தோலைக் கடற்பஞ்சின்மீது கையால் அழுத்தி, பஞ்சு நிறைந்ததும் பிழிந்தெடுப்பர். பின்னர் அதனைப் பொறிகள் செய்யலாயின. இவ்வெண்ணெயில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் லிமொனீன். ஆயினும் தோடைக்குரிய தனித்தன்மையைத் தருவது எஞ்சிய சில பங்கிலுள்ள அலிடிகைட்டுக்களும் பிறவுமே.

நெருப்பின்றிப் பெறுதலில் நன்மையோடு தீங்கும் உண்டு. பியூரோக்குமாரின் எனப்படும் பொருள்கள் ஆவியாகாதவை. வடிக்கும்போது அவை கலத்திலேயே தங்கிவிடும். பிழியும்போதோ எண்ணெயோடு கூடவே வந்துவிடும். அவை தோலில் பட்டபின் வெயிலும் பட்டால், ஞாயிற்றின் ஊதாக்கடந்த கதிர்களை ஏற்று உயிரணுக்களைத் தாக்குகின்றன. தோல் சிவந்து புண்ணாகி, பின் கருந்தழும்பாகும். கொலோன் நீரைக் கழுத்திற் பூசிக்கொண்டு வெயிலிற் சென்றோருக்கு, நீர் வழிந்த இடங்களில் பதக்கம் போன்ற கறைகள் தோன்றியதை 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே மருத்துவர் கண்டனர். அங்கு முதற் குற்றவாளி பேகமொட்டு என்னும் உறவுப் பழத்தின் எண்ணெய். கசப்புத் தோடைத் தோலெண்ணெயும் அவ்வகையினதே. ஆகவே, வெயில் படும் தோலில் பூசி விடப்படும் பொருள்களில் இவ்வெண்ணெய் நூற்றுக்கு 1.25 பங்கை மீறலாகாதென உலக நறுமணத் தொழிற் சங்கம் வரையறை செய்துள்ளது. நெரோலிக்கும் பெத்திகிரேனுக்கும் இவ்வச்சம் இல்லை. ஒரே மரம், ஒன்று காயப்படுத்துவது, மற்றது காயப்படுத்தாதது. வேறுபாட்டை உண்டாக்கியது முறையே என்பது இங்கு மீண்டும் தெளிவாகின்றது.

பிரிந்தவை கூடுதல்

இவ்வாறு பிரித்தெடுத்தவற்றை நறுமணக் கலைஞர் என்ன செய்கின்றனர்? 1685 இல் இத்தாலியிற் பிறந்த யொகான் மரியா பரீனா, செருமனியின் கொலோன் நகரில் 1709 இல் தொடங்கிய வணிக நிலையத்தோடு தொடர்புடைய கொலோன் நீர் இதற்குச் சிறந்த விடையாகும். அவ்வகை நீர்களின் பழைய அமைப்பில் பேகமொட்டு, எலுமிச்சை, தோடை ஆகிய பழத்தோல் எண்ணெய்களும், நெரோலியும், பெத்திகிரேனும், உரோசுமேரி போன்ற பச்சிலைகளும் தூய அற்ககோலில் கலந்து நிற்கும். உற்றுநோக்கின் ஓர் உண்மை புலனாகும். பழத்தோல் முதலில் எழுந்து விரைவில் மறைகின்றது. இலை அதனைத் தொடர்கின்றது. பூ சற்றே தங்கிச் செல்கின்றது. வெவ்வேறு கலங்களிற் பிரிந்துபோன மரத்தின் உறுப்புக்கள் ஒரு குப்பியில் மீண்டும் கூடுகின்றன. கலைஞர் செய்வது பிரித்தல் மட்டுமன்று; பிரிந்ததைக் கூட்டி மரத்தை நினைவூட்டுதலுமாம்.

கைத்தொழிலும் கலப்படமும்

இவற்றுள் நெரோலிக்கே விலை மிகுதி. ஏறத்தாழ 1,000 கிலோகிராம் பூவைக் காய்ச்சினாற்றான் 1 கிலோகிராம் எண்ணெய் கிடைக்கும். பூவோ கையாற் பறிக்கப்படுவது. மலர்ந்த நிலையில், பனி உலர்ந்தபின் பறித்து, வாடுமுன் கலத்திலிடப்பட வேண்டுவது. ஓரிரவு குவித்து வைத்தால் புழுங்கிக் கெடும். பறிப்போர் உழைப்பும் விளைவிப்போர் பேரம்பேசும் வலிமையும் இவ்வொரு தன்மையினாலே பெரிதும் தீர்மானிக்கப்படுகின்றன. மாலைக்குள் விற்றேயாக வேண்டிய பொருளை உடையவன், விலை கூறுவோனாக இருத்தல் அரிது. தென் பிரான்சிலுள்ள வலோரிசு ஊரின் தோடை விளைவிப்போர் 1904 இல் நெரோலியம் என்னும் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துத் தம் பூவைத் தாமே வடிக்க முனைந்தமை இந்நிலையை நோக்கியே விளங்கிக்கொள்ளத்தக்கது. காலப்போக்கில் அக்கடற்கரை நிலங்கள் வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் இடமாயின. தொழில் பெரும்பாலும் துனீசியா, மொறொக்கோ, எகிப்து ஆகிய வடஆபிரிக்க நாடுகளுக்குச் சென்றது. 2018 இல் கிராசுப் பகுதியின் நறுமணத் தொழிலறிவை யுனெஸ்கோ நிறுவனம் மானிட குலத்தின் அருவ மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

விலை மிக்க பொருளைப் போலி தொடர்தல் இயல்பு. பெத்திகிரேனையும் செயற்கை லினலோலையும் சேர்த்து நெரோலி என விற்பது பழைய தந்திரம். ஆயின் செயற்கைப் பொருள் யாவும் போலியல்ல. மெதைல் அந்திரனிலேற்றை ஐதரொட்சிசித்துரனெல்லலோடு சேர்த்து ஆக்கும் அவுரந்தியோல் என்னும் மஞ்சட் பாகு, தோடைப் பூவின் மணத்தை மலிவாகத் தருவது. இன்றைய சவர்க்காரங்களில் தோடைப்பூ மணமாக நாம் அறிவது பெரும்பாலும் இத்தகையவற்றின் கலவையே. செயற்கையைச் செயற்கை எனக் கூறி விற்பதில் குற்றமில்லை. நெரோலியெனக் கூறி விற்பதே குற்றம். அக்குற்றம் பூப்பறிப்போர் வயிற்றில் அடிப்பதுமாகும்.

கலப்படத்தைக் கண்டறிய இரசாயனம் கொண்ட வழி வியக்கத்தக்கது. லினலைல் அசற்றேற்றின் மூலக்கூறு, நம் வலக்கையும் இடக்கையும்போல, ஒன்றுக்கொன்று ஆடி விம்பமாகிய இரு வடிவங்களில் அமையக்கூடியது. மரம் ஏறத்தாழ முழுவதையும் ஒரே வடிவமாகவே ஆக்குகின்றது. பொதுவான செயற்கை முறையிலோ இரண்டும் சம அளவாக உண்டாகின்றன. இரு வடிவங்களையும் பிரித்தறியும் வாயு நிறப்பகுப்புக் கருவியில் ஒரு துளியைச் செலுத்தினால் அது மரத்திலிருந்து வந்ததா, தொழிற்சாலையிலிருந்து வந்ததா என்பது வெளிப்பட்டுவிடும். மூக்கை ஏமாற்றலாம், மூலக்கூற்றின் கையை மாற்றுதல் எளிதன்று.

முடிவுரை

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். குப்பியில் இருப்பது பூவின் மணம் முழுவதுமன்று. நீரில் காய்ச்சியவன் தண்மையைப் பெற்றுத் தேன்மணத்தை நீருக்குக் கொடுத்தான். கரைப்பானில் தோய்த்தவன் கனத்தைப் பெற்றுத் தண்மையை இழந்தான். தோலைப் பிழிந்தவன் பழத்தின் புதுமையோடு வெயிலில் சுடும் பொருளையும் பெற்றான். ஒவ்வொரு முறையும் ஒன்றைக் காத்து ஒன்றை விடுகின்றது. சிலபோது இல்லாததொன்றை உண்டாக்கவும் செய்கின்றது. ஆதலின், ஒரு மணப்பொருளை அறிய விரும்புவோர் அது எந்த மரத்தினது என்று கேட்பதோடு நில்லாது, எந்த உறுப்பினது, எம்முறையில் எடுக்கப்பட்டது, யார் கையால் பறிக்கப்பட்டது என்றும் கேட்டல் வேண்டும். இரசாயனம் பயிலும் மாணவர் பிற பொருள்களை ஆராயுமிடத்தும் இவ்வினாக்களைக் கைவிடாதிருத்தல் நன்று. ஆய்வுச்சாலையில் நாம் பிரித்தெடுத்துக் காணும் பொருள், நாம் பிரித்த முறையின் சுவட்டையும் தாங்கியே வருகின்றது.

நெரோலியும் தோடைப்பூ நீரும் சாரமும் ஒருங்கே முன்வைக்கப்பட்டாலும், விடியற்காலையில் மலர்ந்து நிற்கும் ஒரு கிளையின் மணத்துக்கு அவை முற்றும் ஈடாகா. நூற்றாண்டுகளாக வளர்ந்த ஒரு கலை இவ்வளவு நெருங்கியும் எட்ட இயலாதது யாதோ, அதனையே நம் முன்னோர் "பூவும் மணமும்" என்று சேர்த்துக் கூறினர் போலும்.